கொழுப்புப் பிடிக்கும் குளிசை

2024 ஜூலை 9ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, மட்டக்களப்பு நகரத்து வைத்தியசாலை ஒன்றின் சத்திரசிகிச்சை கிளினிக்கில், மண்டூரைச் சேர்ந்த அருமைநாயகம், வயது 53, எடை 97.4 கிலோ எனப் பதியப்பட்டது.

அருமைநாயகத்துக்குத் தொப்புளடியில் ஒரு வீக்கம். முதலில் நெல்லிக்காய் அளவில் இருந்தது. பிறகு தேசிக்காய் அளவுக்கு வந்தது. இப்போது இருமினால் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, கையால் அழுத்தினால் உள்ளே போனது. குடலிறக்கம் என்றார் டொக்டர். ஒப்பரேசன் சின்னதுதான், ஆனால் இந்த வயிற்றில் தையல் நிற்காது என்றும் சொன்னார். ஓகஸ்ட் 27ஆம் திகதி காலையில் இதே தராசில் 92 கிலோவுக்குக் கீழே நின்றால் அன்றைக்கே வார்ட்டில் படுக்கலாம். நிற்காவிட்டால் கட்டில் அடுத்த ஆளுக்கு. அவருக்கு மறுபடி திகதி கிடைப்பது அடுத்த வருசம்தான். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது, மலசலகூடத்தில் முக்கக் கூடாது. வீக்கம் உள்ளே திரும்பாமல் இறுகி நின்றால் எந்த நேரமென்று பாராமல் ஓடி வரவேண்டும்.

இதில் அருமைநாயகத்தை உலுக்கியது கடைசி வரி அல்ல. அவருக்கு மண்டூர் வட்டையில் இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. போன மாரிப்போகம் முழுவதும் அவர் வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு வரம்பில் நின்றார். கூலிக்கு வந்தவர்கள் விதைத்தார்கள், கூலிக்கு வந்தவர்கள் வரம்பு கட்டினார்கள், பன்றி மட்டும் கூலியில்லாமல் வந்து தின்றது. ஓகஸ்டில் ஒப்பரேசன் முடிந்தால் ஒக்டோபர் விதைப்புக்கு அவர் வயலில் இறங்கலாம். தவறினால் இன்னொரு மாரிக்கும் வரம்புதான்.

ஆக நாற்பத்தொன்பது நாளில் ஐந்தரைக் கிலோ. நேர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். சோற்றைப் பாதியாக்கவும், தேங்காய்ப்பாலைக் குறைக்கவும், தினமும் முக்கால் மணித்தியாலம் நடக்கவும் என்று அதில் இருந்தது. அருமைநாயகம் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தாள் இலவசம். இலவசமாகக் கிடைக்கும் எதுவும் வேலை செய்யும் என்று அவர் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

அவர் களுவாஞ்சிகுடியில் ஒரு அரச கந்தோரில் எழுதுவினைஞர். தினமும் காலையில் மண்டூர்த் துறையில் ‘பாதை’ என்னும் மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்துப் போவார். கந்தோரில் அவருக்குப் பக்கத்து மேசை ஜெயந்தனுடையது. ஜெயந்தன் வெளிக்கள உத்தியோகத்தன். வெளிக்களம் என்று அவன் கருதியது மற்றவர்களுடைய மேசைகளை. முந்தைய வருசம் மூட்டுவலிக்குக் காந்தக் காப்பு விற்றான். அதற்கு முந்தைய வருசம் சீனி வியாதிக்குத் தேயிலை. இந்த வருசம் அவனுடைய பையில் கொழுப்புப் பிடிக்கும் குளிசை இருந்தது. போத்தலின் மேல் பச்சை இலை. இலைக்குக் கீழே ‘இயற்கை நார்ச்சத்து’ என்று கொட்டை எழுத்தில்.

செயல்விளக்கம் கந்தோரின் தேநீர் நேரத்தில் நடந்தது. ஜெயந்தன் ஒரு கிளாசில் தண்ணீர் விட்டு, அதன் மேல் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றினான். குளிசையைப் பிரித்துத் தூளைக் கொட்டி, பேனையால் கலக்கினான். எண்ணெய் தூளோடு சேர்ந்து கட்டி கட்டியாகத் திரண்டு அடியில் போய்ப் படிந்தது. எட்டுப் பேர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள்.

“வயித்துக்குள்ளயும் இதுதான் அண்ண நடக்கும்,” என்றான். “நீங்க திங்கிற கொழுப்ப இது பிடிச்சுக் கட்டி, அப்பிடியே வெளியால கொண்டுபோய்க் கொட்டும். உடம்பில ஒட்ட விடாது.”

கிளாசுக்கு வயிறு இல்லை, பித்தம் இல்லை, இருபதடி நீளக் குடல் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அருமைநாயகம் அன்றே ஒரு போத்தல் வாங்கினார்.

சாப்பாட்டுக்கு முன் இரண்டு குளிசை. முதல் நாள் இரவு அவர் பீங்கானைப் பார்த்தபோது அதில் இடியப்பமும் சொதியும் மட்டும் இருந்தன. அவருக்கு மனம் பொறுக்கவில்லை. குளிசையின் வேலை கொழுப்பைப் பிடிப்பது. பிடிக்கக் கொழுப்பே இல்லாவிட்டால் அது வயிற்றுக்குள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும். முப்பது வருசம் அரச சேவையில் இருந்தவருக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதென்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். தன் வயிற்றுக்குள் அதை அனுமதிக்க அவர் தயாராக இல்லை.

ஆகவே குளிசைக்கு வேலை கொடுத்தார். காலையில் பராட்டா. பகலில் காத்தான்குடிப் பக்கமிருந்து கந்தோருக்கு வரும் புரியாணிப் பார்சல். இரவில் எருமைத் தயிர், மேலே இனிப்புப் பாணி. சனி ஞாயிறுகளில் அவருடைய மனைவி கேதீஸ்வரி வாவி இறாலை வாங்கி, உரித்து, கோதை வளவுக்குப் பின்னால் காகத்துக்குக் கொட்டிவிட்டு, கெட்டிப்பாலில் கறி வைத்தாள். அருமைநாயகம் இரண்டு குளிசை போட்டுக்கொண்டு மூன்று பீங்கான் சாப்பிட்டார். உண்டது எதுவும் உடம்பில் சேராது என்ற நிம்மதி ஒரு மனிதனை இவ்வளவு பசியுள்ளவனாக்கும் என்று கேதீஸ்வரி அதுவரை அறிந்திருக்கவில்லை.

எடை பார்க்க அவருக்கு ஒரு தராசும் இருந்தது. படகுத் துறைக்கு அருகே தங்கராசாவின் நெற்கடை. அங்கே மூடை நிறுக்கும் பெரிய மேசைத் தராசு. தங்கராசா மண், மனிதர் எல்லாவற்றையும் நெல்லாகவே பார்க்கிறவர். அறுபத்தைந்து கிலோ ஒரு மூடை, ஈர நெல்லென்றால் ஒரு பங்கு கழிப்பு. அருமைநாயகத்தை முதன்முதலில் நிறுத்தபோது கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “ஒண்டர மூடை, ஈரம் கழிக்கல்ல,” என்று அறிவித்தார்.

ஜூலை 29ஆம் திகதி அதே தராசில் அருமைநாயகம் 98.6 கிலோ இருந்தார்.

“குறைக்கிறதுக்குத்தானே மச்சான் மருந்து தின்றாய்,” என்றார் தங்கராசா. “மாறிக் கீறித் தந்துட்டானோ?”

ஜெயந்தனிடம் அதற்கும் பதில் இருந்தது. கொழுப்புக் கழலும்போது அந்த இடத்தில் முதலில் தண்ணீர் வந்து நிற்குமாம். தண்ணீர் வடிந்தால் எடை தடாலென்று விழுமாம். ஒரு போத்தலோடு விட்டுவிடக் கூடாதாம். அருமைநாயகம் இன்னொரு போத்தல் வாங்கினார். மறுநாள் மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறியது.

கொடியேறினால் தீர்த்தம் வரை இருபத்தொரு நாள் மண்டூரில் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, கருவாடு எதுவும் வாசலுக்குள் வராது. கேதீஸ்வரி மச்சம் சமைக்கும் சட்டிகளையும் அகப்பைகளையும் ஒரு பிரம்புக் கூடையில் அள்ளி, சாக்கால் மூடி, பின்வளவுக் கொட்டிலில் கொண்டுபோய் வைத்தாள். வீடு முழுவதையும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினாள். அருமைநாயகத்துக்குப் பத்து வருசப் பழக்கம், இந்த இருபத்தொரு நாளும் ஒரு வேளைச் சோறு. காலையில் வெறும் தேநீர், பகலில் இளநீர், மாலைப் பூசை பார்த்து வந்து ஒரு பீங்கான் சோறும் மரக்கறியும். மோட்டார் சைக்கிள் தடை என்பதால் இந்த முறை கோயிலுக்கு இரண்டு வேளையும் நடை. கால் மணி நேரம் போக, கால் மணி நேரம் வர.

குளிசைப் போத்தலை மட்டும் அவர் சாமி அறையில், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எறும்பு வராத இடம் அதுதான். நார் என்றால் வாழைநார், தென்னைநார், இல்லாவிட்டால் இலையில் இருக்கும் நார். போத்தலிலும் இலை இருந்தது. விரதத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. சாப்பாடு ஒரு வேளையானாலும் குளிசையை மூன்று வேளையும் எடுத்தார்; பகல் வேளைக்காகப் போத்தல் பையில் கந்தோருக்குப் போய் மாலையில் சாமி அறைக்குத் திரும்பியது. திருநீறு பூசி, முருகா என்று சொல்லி, இரண்டு இரண்டாக விழுங்கினார்.

எடை விழத் தொடங்கியது. ஐந்தாம் நாள் தொண்ணூற்றாறு. ஒன்பதாம் நாள் தொண்ணூற்றைந்துக்குச் சற்று மேல். பதினோராம் நாள் 94.1. தங்கராசா தராசின் முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, ஈரம் கழிக்கத் தொடங்கியிருக்கிறது என்று அறிவித்தார்.

தண்ணீர் வடியும் என்று சொன்னேனே என்றான் ஜெயந்தன். இருபத்தொரு நாள் விரதத்தில் வருசா வருசம் மண்டூர் முழுவதும் மெலிவதும், தீர்த்தம் முடிந்த பத்தாம் நாள் மண்டூர் முழுவதும் பழையபடி ஆவதும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அருமைநாயகமும் வருசா வருசம் மெலிந்தார். போன வருசம் அது முருகன் செயல். இந்த வருசம் அது குளிசையின் செயல். முருகன் போத்தலில் வருவதில்லை என்பதால் போட்டியிட முடியவில்லை.

ஜெயந்தன் இரண்டு படங்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டான். முதல் படம் ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. புரியாணிப் பீங்கானுக்குப் பின்னால் அருமைநாயகம் மூச்சை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பதினோராம் நாள் காலை படகுத் துறையில் எடுத்தது; வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மூச்சை உள்ளே இழுத்தபடி. கீழே எழுத்து: ‘உணவுக் கட்டுப்பாடு இல்லை. உடற்பயிற்சி இல்லை. பதினொரு நாளில் நான்கரைக் கிலோ.’ அந்தத் திருநீறு எதைச் சொல்கிறது என்று படித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கிழமைக்குள் மண்டூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினேழு பேர் போத்தல் வாங்கினார்கள். பதினேழாவது ஆள் தங்கராசா. அவர் விரதம் பிடித்தால் அரைகுறையாகப் பிடிக்கிறவரல்லர். இருபத்தொரு நாளும் பாலும் பழமும்தான். அந்தப் பாலுக்கு முன்னால் இரண்டு குளிசை.

இதற்கிடையில் அருமைநாயகத்துக்கு வேறொரு கஷ்டம் வந்திருந்தது. அவர் மலசலகூடத்துக்குப் போய் நான்கு நாள். ஒரு வேளைச் சோறும் கொஞ்சத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நாளுக்கு ஆறு குளிசை விழுங்கினால், தூள் எதையாவது பிடித்துத்தான் ஆகவேண்டும். பன்னிரண்டாம் நாள் காலை அவர் டொக்டர் தடுத்த காரியத்தைச் செய்தார். முக்கினார். ஒன்றும் வரவில்லை, தொப்புளடியில் வீக்கம் மட்டும் வந்தது. பாதையில் வாவியைக் கடக்கும்போது அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். குருமண்வெளிக் கரை வரும்போது வீக்கம் உள்ளே போனது. அவருடைய சட்டை நனைந்திருந்தது.

சனிக்கிழமை மேலதிக வேலைக்குக் கந்தோருக்குப் போகும் வழியில் களுவாஞ்சிகுடிப் பார்மசியில் ஏறினார். அங்கே மருந்து கொடுப்பது றஸீனா, காத்தான்குடிப் பிள்ளை, படித்து முடித்து மூன்று வருசம். வயிறு இளகுவதற்கு மருந்து கேட்டார். கூட வேறென்ன எடுக்கிறீங்க என்று கேட்டாள். அவர் பெருமையோடு பையிலிருந்து போத்தலை எடுத்து வைத்தார். றஸீனா இலையைப் பார்க்கவில்லை. போத்தலைத் திருப்பி, பின்பக்கத்து மணல் போன்ற எழுத்தைத் தொலைபேசியால் படம் பிடித்து, பெரிதாக்கிப் படித்தாள். பிறகு அவருடைய நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள்.

“சேர், இப்ப நீங்க மச்சம் திங்கிறதா?”

“என்ன புள்ள கேக்கிற. கோயில் கொடியேறிப் பன்னிரண்டு நாள். சட்டியெல்லாம் வெளியால கிடக்கு.”

“அப்ப இதத் திங்க ஏலா. இது இறால் கோதும் நண்டுக் கோதும் அரைச்ச தூள். கைட்டோசன் எண்டு போட்டிருக்கு, எதில இருந்து எடுத்ததெண்டும் போட்டிருக்கு.”

“நார்ச்சத்து எண்டுதானே சொன்னான். இலையும் போட்டிருக்கு.”

“நார்ச்சத்து எண்டது உண்மதான் சேர். கோதில இருந்து எடுத்த நார்ச்சத்து. இல சும்மா படம்.”

அருமைநாயகம் கணக்குப் பார்த்தார். சாமி அறை, திருநீற்றுத் தட்டு, நாளுக்கு ஆறு, பன்னிரண்டு நாள் என்று மனது தானாகப் பெருக்கிக் காட்டியது. எழுபத்திரண்டு. ஒவ்வொன்றையும் முருகா என்று சொல்லி விழுங்கியிருந்தார்.

றஸீனா அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் படித்த பிள்ளை. கிளாசுக்குள் கொழுப்பைப் பிடிப்பது உண்மை, மனிதருக்குள் பிடிப்பது மிகக் கொஞ்சம் என்று சொன்னாள். ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கூடுதலாக வெளியே போன கொழுப்பு நாளுக்கு ஒரு கிராம் மட்டில், சிலருக்கு அதுவுமில்லை. அந்தக் கணக்கில் ஒரு கிலோ குறைய இரண்டு வருசத்துக்கு மேல் வேண்டும். அருமைநாயகம் தான் பதினொரு நாளில் நான்கரைக் கிலோ குறைந்ததைச் சொன்னார். படத்தையும் காட்டினார். எத்தனை வேளை சாப்பாடு என்று கேட்டாள். ஒரு வேளை. நடையோ என்றாள். ஓம், கோயிலுக்கு இரண்டு தரம்.

“அப்ப என்னத்துக்கு சேர் இந்தக் குளிசை?”

அருமைநாயகத்துக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஊரில் ஆட்கள் அவருடைய படத்தைப் பார்த்துப் போத்தல் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். அவரே அத்தாட்சி. அத்தாட்சி எழுந்து நின்று தன்னையே சந்தேகிக்க ஆரம்பித்தால் ஊரில் என்ன மிஞ்சும்? வயிற்று மருந்தை அவள் நிறையத் தண்ணீரோடு எடுக்கச் சொல்லிக் கொடுத்தாள். அவர் அதை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினார்.

அன்று முழுவதும் கந்தோரில் அவர் ஒரு கடிதத்தையும் எழுதவில்லை. அவர் பார்த்தவரையில் நிலைமை இதுதான். குளிசையைத் தொடர்ந்தால் எடை குறையும், ஒப்பரேசன் நடக்கும், விரதம் கெடும். நிறுத்தினால் விரதம் பிழைக்கும், எடை நின்றுவிடும், கட்டில் கைமாறும், மாரிப்போகம் வரம்பில் கழியும். குளிசைக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை என்ற மூன்றாவது வழியை ஒரு பார்மசிப் பிள்ளை கையில் வைத்துக் கொடுத்திருந்தாள். அதை அவர் டொக்டரின் தாளோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

முடிவை எடுத்தது கேதீஸ்வரி. அவர் இரவுச் சோற்றுக்கு முன் மெதுவாகச் சொன்னதும் அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். சாமி அறைக்குள் போய், போத்தலைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கி, கையை நீட்டி எட்டவே வைத்துக்கொண்டு பின்வளவுக்கு நடந்தாள். கொட்டிலில் சாக்கை விலக்கி, மச்சச் சட்டிகளுக்கு நடுவில் போத்தலை இறக்கி, மறுபடி மூடினாள். திரும்பி வந்து கிணற்றடியில் முழுகினாள். பிறகுதான் பேசினாள்.

“இறால் கோத நான் வளவுக்குப் பின்னால காகத்துக்குக் கொட்டுறன். நீங்க அதக் காசு குடுத்து வாங்கி, சாமிக்கு முன்னால வெச்சுத் தின்றீங்க.”

“எனக்குத் தெரியாதுதானேகா.”

“காகத்துக்கு ஏன் வயிறு வைக்கல்ல எண்டு நீங்க யோசிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்.”

காகம் கோதால் மெலியவில்லை, பறந்து திரிவதால் மெலிந்தது என்று யோசிக்கும் நிலையில் இருவரும் இல்லை. பிராயச்சித்தத்தையும் அவளே தீர்மானித்தாள். மிச்சம் ஒன்பது நாளும் விடியப் பூசை, பகல் பூசை, மாலைப் பூசை என மூன்று வேளையும் கோயிலுக்கு நடந்து போகவேண்டும். அதற்குக் கந்தோரில் லீவு போடவேண்டும். வாவியில் முழுகவேண்டும். இரவுச் சோறு அரைப் பீங்கான். தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு குடிக்கலாம். சட்டைப் பையில் மடிந்து கிடந்த டொக்டரின் தாளை அவள் படித்ததில்லை. படித்திருந்தால் இவ்வளவு கடுமையாக நடைமுறைப்படுத்தியிருக்க மாட்டாள்.

ஊருக்குச் சொல்வது இன்னொரு பிரச்சினை. அருமைநாயகம் ஒருவரிடம் மட்டும் சொல்லத் துணிந்தார். தங்கராசாவின் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய், கோது விசயத்தைக் காதோடு காதாகச் சொன்னார். தங்கராசா மேசை இலாச்சியைத் திறந்து தன்னுடைய போத்தலைப் பார்த்தார். இன்னும் முக்கால்வாசி இருந்தது.

“கோது எண்டா மச்சமோ?” என்றார்.

“இறாலில இருந்து வந்ததுதானே மச்சான்.”

“சங்கு எதில இருந்து வந்தது? அது என்ன மரத்தில காய்க்கிறதோ? வாயில வெச்சு ஊதுறமே, கோயிலுக்குள்ள.”

ஆயிரம் வருசமாக யாராலும் எழுப்பப்படாத கேள்வி ஒன்றை ஒரு நெற்கடைக்காரர் முக்கால் போத்தலைக் காப்பாற்றுவதற்காக எழுப்பி, தானே தீர்த்தும் வைத்தார். சதை மச்சம், கோது மச்சமில்லை. தங்கராசா இரண்டு குளிசையை எடுத்து, பாலோடு விழுங்கினார். இந்தத் தீர்ப்பை அருமைநாயகம் வேறு யாரிடமும் கொண்டுபோகவில்லை. மற்றப் பதினாறு பேரும் எதுவும் தெரியாமல், நல்ல மனதோடு விரதத்தையும் கோதையும் தொடர்ந்தார்கள்.

ஓகஸ்ட் 19ஆம் திகதி வாவியில் தீர்த்தம் நடந்தது. ஈர வேட்டியோடு அருமைநாயகம் நேரே தராசில் போய் ஏறினார். 91.3. கட்டில் கிடைத்துவிட்டது, இன்னும் எட்டு நாள் இப்படியே நின்றால் போதும். தங்கராசாவும் ஏறிப் பார்த்தார். அவரும் விரதத் தொடக்கத்திலிருந்து ஏழு கிலோ குறைந்திருந்தார். குளிசையை நிறுத்தியவரும் நிறுத்தாதவரும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்ததை இருவரும் பார்த்தார்கள். தங்கராசா அதிலிருந்து எடுத்த முடிவு, குளிசை வேலை செய்கிறது என்பது. ஜெயந்தனிடம் கேட்டபோது அருமைநாயகத்துக்கும் அதே முடிவுதான் கிடைத்தது: முதல் பன்னிரண்டு நாள் விழுங்கியது உள்ளே பிடித்து வைத்திருந்ததாம், மிச்ச ஒன்பது நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியதாம். நல்ல மருந்து நிறுத்திய பிறகும் வேலை செய்யும் என்றான். ஒன்பது நாள் வெயிலில் நடந்த கால்கள் அருமைநாயகத்துக்கு அப்போதும் வலித்துக்கொண்டிருந்தன. கால்களை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கேதீஸ்வரி கொட்டிலில் இருந்து பிரம்புக் கூடையை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். சட்டிகளைக் கழுவி அடுக்கினாள். அடியில் போத்தல் கிடந்தது. அதையும் கழுவித் துடைத்து மேசையில் வைத்தாள். அவள் நேர்மையான பெண். மச்சத்தை மச்சமென்று ஒதுக்கினாள், விலக்கு நீங்கியதும் ஒதுக்கலையும் நீக்கினாள்.

“இனிப் பாவமில்ல,” என்றாள். “வேணுமெண்டாத் தின்னுங்க.”

தீர்த்தம் முடிந்தால் மண்டூரில் சொந்தக்காரர் வருவார்கள், இருபத்தொரு நாள் வராத மச்சமெல்லாம் ஒரே கிழமையில் வாசலுக்கு வரும். வாவி இறால் விலை ஏறியும் யாரும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை இறால் கறி. புதன் தங்கராசா வீட்டில் ஆட்டிறைச்சி. வெள்ளி மட்டும் மரக்கறி, ஆனால் நெய்ச்சோறு. அருமைநாயகம் முதலில் பயந்தார். அரைப் பீங்கானோடு எழும்பப் பார்த்தார். பிறகு மேசையில் போத்தல் கண்ணில் பட்டது. இப்போது விரதமும் இல்லை, பாவமும் இல்லை, கொழுப்பும் தாராளமாக இருந்தது; குளிசைக்கு இதைவிட நல்ல வேலைக்களம் அமையப் போவதில்லை. இரண்டை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினார். றஸீனா சொன்னதை மறக்கவில்லை; இந்த முறை இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார். அவள் சொன்னதில் அவர் ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

விருந்துக்கு வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். உண்மையா என்று கேட்டார்கள். அவர் மூன்றாவது பீங்கானை நீட்டியபடி ஓம் என்றார். ஆறு பேர் ஜெயந்தனின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கிழமை அவர் தராசில் ஏறவில்லை. தங்கராசா இரண்டு தரம் கூப்பிட்டார். வெற்றி கையில் இருக்கும்போது நிறுத்துப் பார்ப்பது கண்ணேறு என்று சொல்லிவிட்டார். மோட்டார் சைக்கிள் தடை அப்படியே இருந்தது. ஆனால் கோயில் முடிந்துவிட்டதால் நடக்க ஒரு காரணமும் இருக்கவில்லை. துறைக்கும் சந்தைக்கும் அயல் வீட்டு முச்சக்கர வண்டி வந்தது. 26ஆம் திகதி மாலை கேதீஸ்வரி வார்ட்டுக்குப் பை அடுக்கினாள். இரண்டு சாரம், ஒரு துவாய், ஒரு பீங்கான் கோப்பை, சவர்க்காரம். போத்தலையும் வைக்கவா என்று கேட்டாள். வை என்றார்.

2024 ஓகஸ்ட் 27ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, அதே கிளினிக்கில், அதே தராசில், அருமைநாயகத்தின் எடை 93.2 கிலோ எனப் பதியப்பட்டது. நேர்ஸ் செருப்பைக் கழற்றச் சொல்லி மறுபடி நிறுத்தார். 92.9. கட்டில் வாழைச்சேனையைச் சேர்ந்த மீன்பிடித் தொழிலாளி ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. அருமைநாயகத்துக்கு 2025 மார்ச் 11ஆம் திகதி என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். கூடவே அந்தத் தாளின் இன்னொரு பிரதியும் கொடுத்தார்கள். ஒக்டோபரில் அவருடைய இரண்டு ஏக்கரைக் கூலிக்கு வந்தவர்கள் விதைத்தார்கள்.